சிறிய காரில் இக்னிஷன் காயிலை வீட்டிலேயே மாற்றும் முறை

மைவி, விவா, ஆக்சியா போன்ற, மலேசியாவின் பெரோடுவா நிறுவனத்துச் சிறிய கார்களில், சிக்னலில் நிற்கும்போது ஏர்கானைப் போட்டால் இன்ஜின் குலுங்குவதும், மேடு ஏறும்போது இழுவை குறைவதும், மீட்டரில் செக் இன்ஜின் விளக்கு எரிவதும் சேர்ந்து வந்தால், கோலாலம்பூரில் எந்த ஃபோர்மேனும் (பட்டறை மெக்கானிக்) முதலில் சொல்வது "பிளக் காயில் போய்விட்டது" என்பதுதான். இக்னிஷன் காயிலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் எந்தச் சிலிண்டரின் காயில் போனது, எதனால் போனது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டால், செலவு கூடுவதோடு, பழைய காயிலைக் கெடுத்த காரணம் அப்படியே இருந்து புதியதையும் கெடுத்துவிடும். கழற்றி மாட்டும் வேலை அரை மணி நேரத்தில் முடியும். அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குத்தான் பொறுமை தேவை.

இந்தக் கார்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில், பிளக்கின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். மைவி 1.3 இன்ஜினில் நான்கும், ஆக்சியாவின் 1.0 இன்ஜினில் மூன்றும் இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்கின் நுனியில் பொறி பறக்கச் செய்வதே காயிலின் வேலை. பிளக் தேய்ந்து அதன் இடைவெளி அகன்றுவிட்டால், அதைத் தாண்டக் காயில் இன்னும் அதிக வோல்ட் தர வேண்டியிருக்கும். அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் மெல்லிய கம்பிகளின் காப்பு சிறிது சிறிதாகச் சிதையும். நெரிசலில் நகராமல் நிற்கும் காரின் பானெட்டுக்கு அடியில் தேங்கும் சூடும் அதற்குத் துணைபோகும். இன்ஜின் ஆயில் கசிந்து, பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் இறங்குவதும், இன்ஜினைக் கழுவும்போது தண்ணீர் புகுவதும் மற்ற இரண்டு முக்கியக் காரணங்கள்.

முதலில் விளக்கைக் கவனியுங்கள். அது நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கன்வர்ட்டரின் விலையோடு ஒப்பிட்டால் காயிலின் விலை ஒன்றுமே இல்லை. ஆகவே பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்திவிடுவதே நல்லது.

காரின் கணினியில் பதிவாகும் கோளாறுக் குறியீடுகளைப் படித்துக் கைபேசியில் காட்டும் சிறிய ஓபிடி ரீடர் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்ததுபோல. பி0301 முதல் பி0304 வரையிலான குறியீடுகளில் கடைசி எண், பொறி தவறும் சிலிண்டரைக் காட்டும். பி0351 முதல் பி0354 வரை வந்தால் அந்தந்தக் காயிலின் மின்சுற்றிலேயே கோளாறு. ஒன்றாம் சிலிண்டர் என்பது இன்ஜினின் பெல்ட் ஓடும் பக்கத்தில் இருப்பது. குறியீட்டை மட்டும் நம்பிக் கடைக்கு ஓட வேண்டாம். இன்ஜினை அணைத்து, சந்தேகப்படும் காயிலை அடுத்த சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பி0302 என்று இருந்தது பி0303 என்று மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாமல் அதே இடத்தில் நின்றால் பிளக், வயர், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரால் ஓம் அளப்பது இங்கே அதிகம் உதவாது. இவ்வகைக் காயில்களுக்குள், காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் இக்னைட்டர் மின்சுற்றும் அடங்கியிருப்பதாலும், சூடேறிய பிறகே சில காயில்கள் தவறுவதாலும், மேசைமேல் நல்ல அளவு காட்டும் காயில் சாலையில் கைவிடக்கூடும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். அந்த மின்னழுத்தம் உடலில் பாய்வது விளையாட்டல்ல.

வாங்கும்போது காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொன்னால் போதாது. பழைய காயிலைக் கையோடு எடுத்துச் சென்று, அதன் மேல் அச்சிட்ட எண்ணையும், கனெக்டரின் வடிவத்தையும், தண்டின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஜாலான் ஈப்போ பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஒரிஜினல், ஓஇஎம் (கார் நிறுவனத்துக்குப் பாகம் செய்து தரும் தயாரிப்பாளரின் சொந்தப் பெயரில் வருவது), சாதா என மூன்று விலை சொல்வார்கள். இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு வரும் "ஒரிஜினல்" பெட்டியை நம்பாமல் இருப்பதே நல்லது. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்பதே என் கருத்து. ஆனால் பிளக்குகளின் ஆயுள் முடிந்திருந்தால் அவற்றை முழு செட்டாகவே மாற்றுங்கள்.

பல கோண்டோ அடுக்குமாடிகளில் கார் நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்க நிர்வாகம் அனுமதிப்பதில்லை. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் உள்ள தரைவீட்டின் கார் போர்ச்தான் இதற்கு ஏற்ற இடம். பிற்பகலில் மழை இறங்கும் ஊரில் காலையிலேயே தொடங்குவது நல்லது. இரவெல்லாம் நின்ற இன்ஜின் அப்போது முழுவதும் ஆறியிருக்கும் என்பது இன்னும் முக்கியமான காரணம். சூடான அலுமினியத் தலையிலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரை உரிந்துவிடலாம். 10 மி.மீ. சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், உங்கள் பிளக்குக்குப் பொருந்தும் பிளக் சாக்கெட், டார்ச் விளக்கு, பழந்துணி ஆகியவை போதும்.

சாவியை எடுத்துவிட்டுப் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சில மாடல்களில் ஏர் ஃபில்ட்டர் பெட்டியே காயில்களை மூடியிருக்கும். அதைத் தூக்குமுன் அதோடு சேரும் சிறு குழாய்களைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் விட்டுப்போனாலும் இன்ஜின் காற்றை உறிஞ்சித் தாறுமாறாக ஓடும். பிறகு புதிய காயிலின் மேல் வீண்பழி விழும். திறந்த காற்று வாயைச் சுத்தமான துணியால் மூடிவையுங்கள்.

கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு பல ஆண்டுச் சூட்டில் அப்பளம்போல நொறுங்கும் நிலையில் இருக்கும். கனெக்டரை முதலில் சற்று உள்ளே தள்ளி, நாக்கை விரலால் அழுத்திப் பிடித்தபடி பின்னுக்கு இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. போல்ட்டைக் கழற்றியபின் காயிலை இடமும் வலமுமாகச் சிறிது திருப்பினால் உள்ளே ஒட்டியிருக்கும் ரப்பர் விடும். பிறகு நேராக மேலே தூக்குங்கள். ரப்பர் அறுந்து குழிக்குள் தங்கினால், நீள்மூக்குக் குறடால் எடுக்கலாம்.

இனி அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் அந்தக் குழிதான். காயிலின் ரப்பரிலோ பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலோ முடிபோன்ற கருங்கோடு ஓடியிருந்தால், மின்சாரம் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்திருக்கிறது. அந்தக் காயிலையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரப்பர் ஆயிலில் நனைந்து ஊறியிருந்தால், வால்வு கவர் கேஸ்கெட்டோ பிளக் குழாய் சீலோ கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் காயிலை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் அதே குலுக்கல் திரும்பி வரும். குழியில் துருவோ நீர்க்கறையோ தெரிந்தால், இனிமேல் கார் கழுவும் இடத்தில் பானெட்டைத் திறந்து அழுத்த நீர் அடிக்க விடாதீர்கள். பிளக்கைக் கழற்றுமுன் குழியிலுள்ள மண்ணை ஊதியும், ஆயிலைக் குச்சியில் சுற்றிய துணியால் ஒற்றியும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை நேரே சிலிண்டருக்குள் விழும்.

புதிய பிளக்கை எக்ஸ்டென்ஷனை மட்டும் பிடித்து விரலால் திருகுங்கள். எளிதாகச் சுழலாவிட்டால் நிறுத்தி, பின்னோக்கித் திருப்பி மீண்டும் தொடங்குங்கள். மரை பிசகி ஏறினால் காயில் விலையில் முடிய வேண்டிய வேலை சிலிண்டர் தலை வேலையாகிவிடும். விரலால் முழுவதும் இறங்கிய பிறகு, வாஷர் உள்ள புதிய பிளக் என்றால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். டார்க் ரென்ச் இருந்தால் பிளக் பெட்டியிலுள்ள அளவைப் பின்பற்றலாம். காயில் ரப்பரின் உள்வாயில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவி, நேராக அழுத்தி உட்காரவைத்து, போல்ட்டை மிதமாக முடுக்கி, கனெக்டரை "டக்" என்ற ஒலி கேட்கும்வரை தள்ளுங்கள்.

பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்தால் முதல் சில நிமிடங்கள் ஐடில், அதாவது நின்றபடி ஓடும் இன்ஜினின் வேகம், ஏறி இறங்கலாம். கணினி மீண்டும் பழகும் நேரம் அது. இன்ஜின் சூடானதும் ஏர்கானை முழுவதும் போட்டுக் கவனியுங்கள், பிறகு மேடான சாலை ஒன்றில் ஓட்டிவிட்டுக் குறியீட்டை மறுபடி படியுங்கள். பி0351 வகைக் குறியீடு திரும்ப வந்தால் கனெக்டரின் பின்களையும், வயர் எங்காவது உரசி அறுந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். காயிலும் பிளக்கும் புதியவையாக இருந்தும் அதே சிலிண்டர் தவறிக்கொண்டிருந்தால், இன்ஜெக்டரையும் கம்ப்ரெஷனையும் சோதிக்கும் கருவி உள்ள பட்டறைக்குக் காரைக் கொண்டுபோய், நீங்கள் எதை எதோடு இடம் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதை ஃபோர்மேனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.