கச்சேரி ரிக்கற் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

யாழ்ப்பாணம் முற்றவெளியில் பெரிய இசை நிகழ்ச்சி என்று சுவரொட்டி ஒட்டினால், அன்று பின்னேரமே பேஸ்புக்கில் இப்படியொரு கொமெண்ட் வந்துவிடும்: "அண்ணை, முன்வரிசை ரிக்கற் ரெண்டு கிடக்கு. அவசரமாக் கொழும்புக்குப் போறன். வேணுமெண்டா இன்பொக்ஸுக்கு வாங்கோ." இப்படி எழுதுகிறவர்களில் உண்மையாகவே போக முடியாதவர்களும் இருப்பார்கள். கள்ளனும் இதே வசனத்தைத்தான் எழுதுவான். ஆகவே வசனத்தை வைத்தோ, அனுப்பிவிடும் ரிக்கற் படத்தை வைத்தோ ஆளை மட்டுக்கட்ட முடியாது. பார்க்கவேண்டியது வேறு இரண்டு: அதை விற்க அவருக்கு என்ன உரித்து, உங்கள் காசு எந்த வழியால் போகிறது.

படம் ஏன் ஆதாரம் ஆகாது

ஒன்லைன் ரிக்கற்றில் இருக்கும் கியூஆர் கட்டத்துக்குள் இருப்பது ஒரு பதிவு இலக்கம் மட்டுமே. வாசலில் ஸ்கேன் பண்ணும் கருவி, அந்த இலக்கம் பட்டியலில் உண்டா, ஏற்கெனவே உள்ளே போய்விட்டதா என்று பார்க்கும். முதலில் வந்தவருக்கு வழி விடும். அதே இலக்கத்தோடு பிறகு வருகிறவரை மறிக்கும். அதனால் ஒரே ஒரு உண்மையான ரிக்கற்றை வாங்கி, அதன் பிடிஎஃபைப் பத்துப் பேருக்கு விற்பதுதான் மிக இலேசான கள்ளவேலை. பத்துப் பேர் கையில் இருப்பதும் அசல். உள்ளே போவது ஒருவர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடாது.

இதே காரணத்தால், ரிக்கற் கிடைத்த புழுகத்தில் அதைப் படமெடுத்து வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போடக்கூடாது. கட்டமோ கோட்டுக் குறியீடோ தெரிந்தால் எவரும் வெட்டியெடுத்துப் பாவிக்கலாம். போட்டே ஆகவேண்டும் என்றால் கட்டத்தையும் பதிவு இலக்கத்தையும் கையால் மூடிக்கொண்டு படமெடுங்கள். போனில் உள்ள மெல்லிய மார்க்கரால் கீறி மறைத்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டி அடியில் இருப்பதை வாசித்துவிடலாம்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு இங்கிருந்து ரிக்கற் தேடுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். ரிக்கற்மாஸ்ரர் நிறுவனம் 2019 முதல் கொண்டுவந்த முறையில் குறியீடு 15 செக்கனுக்கு ஒருமுறை மாறும். அந்த வகை ரிக்கற்றின் ஸ்கிரீன்ஷொட்டை யாராவது விற்றால், வாங்கும் நேரத்திலேயே அது செத்துப்போனது. செயலிக்குள் இருக்கும் கைமாற்றும் வசதியால் உங்கள் கணக்குக்கு வந்தால்தான் ரிக்கற் உங்களுடையது.

பக்கத்தையும் தளத்தையும் சோதிப்பது

பேஸ்புக் பக்கம் என்றால் அதன் விபரப் பகுதியில் 'பக்க வெளிப்படைத்தன்மை' என்று ஒன்று இருக்கும். பக்கம் தொடங்கிய திகதி, இதுவரை வைத்த பெயர்கள் எல்லாம் அங்கே கிடக்கும். நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் பல பக்கங்களில் தெரியும். போன கிழமை தொடங்கிய பக்கமா, போன வருஷம் வரை உடுப்புக்கடைப் பெயரில் இருந்து இப்போது 'இசை இரவு' ஆகிய பக்கமா, நடத்துபவர் நமக்குச் சம்பந்தமே இல்லாத நாட்டிலா? இவற்றில் ஒன்று இருந்தாலே கையை எடுங்கள். விருப்பக்குறி எத்தனை ஆயிரம் என்பதைப் பொருட்படுத்தவேண்டாம், அதைக் காசுக்கு வாங்கலாம்.

இணையத்தளம் என்றால் முகவரியை வடிவாய் வாசியுங்கள். 'எச்ரிரிபிஎஸ்' என்பதும் அதையடுத்த இரட்டைச் சாய்கோடும் கழிந்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள பெயரும் அதன் வாலும்தான் தளத்தின் உண்மையான வீடு. தொடக்கத்தில் ரிக்கற் விற்கும் தளமான புக்மைஷோவின் பெயர் இருந்து, கடைசியில் வேறொரு பெயரும் 'டொட் ஷொப்', 'டொட் ரொப்' போன்ற வாலும் இருந்தால் அது புக்மைஷோ அல்ல. பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்பவர்களுக்கு: இடையில் யாரும் வாசிக்கமுடியாது என்பதை மட்டுமே பூட்டு சொல்லும். மறுமுனையில் இருப்பவன் கள்ளன் என்றால் விபரம் பத்திரமாகக் கள்ளனிடம் போய்ச் சேரும்.

தளத்தின் பெயர் எப்போது பதியப்பட்டது என்பதை இரண்டு நிமிஷத்தில் அறியலாம். 'டொட் கொம்' போன்றவற்றை, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் இடுங்கள். நிகழ்ச்சி அறிவித்த பிறகு பதிந்த பெயர், அறியாத நிறுவனம், வங்கி வைப்பு மட்டும் ஏற்கும் என்றால் அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. கூகிளில் மேலே வருவதை நம்பிப் போகவும் வேண்டாம், அந்த இடம் விளம்பரத்துக்கு விற்கப்படுவது. கலைஞரின் உத்தியோகபூர்வப் பக்கத்தில் உள்ள லிங்க்கால் போங்கள், அல்லது சுவரொட்டியில் உள்ள முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்யுங்கள்.

மண்டபத்துக்கு ஒரு போன் போடுவதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வீரசிங்கம் மண்டபமோ, கலாசார மையமோ, துரையப்பா விளையாட்டரங்கோ, அந்தத் திகதிக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்டால் நிகழ்ச்சியே கற்பனையா என்பது தெரிந்துவிடும். நிகழ்ச்சி இலவசமா என்றும் கேளுங்கள். இங்கே பொதுமக்களுக்கு இலவச அனுமதியும் முன்கதிரைக்கு மட்டும் கட்டணமும் வைப்பதுண்டு. இலவசமாகப் போகக்கூடிய பகுதிக்கு 'பாஸ்' விற்பவர்கள் அந்தக் குழப்பத்தில்தான் பிழைக்கிறார்கள்.

காகித ரிக்கற்

கடையில் விற்கும் காகித ரிக்கற்றுக்கு நமக்கு ஒரு பழைய பாதுகாப்பு உண்டு. 1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டத்தின்படி கட்டண நிகழ்ச்சிக்கு உள்ளூராட்சி சபை வரி அறவிடும். அதற்காக ரிக்கற்றுகளை விற்பனைக்கு முன் சபைக்குக் கொண்டுபோய் முத்திரை குத்துவிப்பது வழக்கம். முற்றவெளி நிகழ்ச்சி என்றால் யாழ்ப்பாணம் மாநகர சபை. முத்திரை இல்லாத ரிக்கற்றைக் கண்டால் சபையின் வருமானப் பகுதியில் விசாரியுங்கள்.

பிறகு தொடரிலக்கத்தைத் தடவிப் பாருங்கள். அச்சகத்தில் இலக்கமிடும் கருவியால் அடித்தது என்றால் பின்பக்கத்தில் இலேசாகப் புடைத்திருக்கும். நிறப் பிரதியில் தட்டையாக இருக்கும். இரண்டு ரிக்கற் வாங்கி இரண்டிலும் ஒரே இலக்கம் என்றால் வேறு சோதனை தேவையில்லை. கிழிக்கும் துளைக்கோடும் அடிக்கட்டையும் இருக்கவேண்டும். சுவரொட்டியில் பெயர் போட்ட கடையிலேயே வாங்கினால் இந்தத் தடவல் எல்லாம் மிச்சம்.

காசு போகும் வழி

ஏமாற்றுக்காரர் வங்கிக்கு வங்கி உடனடிப் பரிமாற்றத்தையே கேட்பது ஏன் என்றால், செஃப்ற்ஸ் எனப்படும் அந்த முறையில் போன காசு அந்தக் கணமே மறுபக்கக் கணக்கில் ஏறிவிடும். ஐந்து நிமிஷத்தில் ஏரிஎம்மில் எடுத்தும் விடுவான். போன் வழியாகக் காசு அனுப்பும் ஈஸி காஷ், எம்காஷும் இப்படியே. கடனட்டையால் தளத்தில் கட்டினால், பொருளோ சேவையோ கிடைக்கவில்லை என்று வங்கியில் முறையிட்டுக் காசை மீளக் கேட்கும் வழி உண்டு. விசா, மாஸ்ரர்காட் இரண்டிலும் அதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். ஆகவே அட்டையால் கட்டும் வசதி உள்ள இடத்தில், '500 ரூபா குறைச்சுத் தாறன், கணக்குக்குப் போடுங்கோ' என்றால் போடாதீர்கள்.

கணக்குப் பெயரையும் பாருங்கள். சிறிய ஏற்பாட்டாளர்கள் சொந்தப் பெயர்க் கணக்கைக் கொடுப்பது இங்கே சாதாரணம், அதுமட்டும் குற்றம் ஆகாது. ஆனால் கதைக்கிறவர் ஒருவர், கணக்கு இன்னொருவர், போன் இலக்கம் மூன்றாமவர் என்றால் அது வாடகைக்கு எடுத்த கணக்காக இருக்க இடமுண்டு. 'பிடிச்சு வைக்க' முற்பணம், பிறகு 'பதிவுக் கட்டணம்', பிறகு 'திருப்பித் தரும் வைப்பு' என்று காசு துண்டு துண்டாகப் போகத் தொடங்கினால், போனதை மறந்துவிட்டு நிறுத்துங்கள். ஓடிபி இலக்கத்தை விற்கிறவருக்கோ 'காசு திருப்பித் தரும் அலுவலருக்கோ' சொல்லவே கூடாது. காசு பெறுவதற்கு ஓடிபி தேவைப்படாது.

கைமாறி வாங்கத்தான் வேண்டும் என்றால்

தளத்தில் பெயர்மாற்றும் வசதி இருந்தால் அதைத்தான் பாவியுங்கள். இல்லாவிட்டால் மிகப் பாதுகாப்பான வழி பழைய வழி: வாசலில் சந்தித்து, ஸ்கேன் ஆகி உள்ளே காலடி வைத்த பிறகு காசைக் கையில் கொடுப்பது. நாலு ரிக்கற் வைத்திருக்கும் ஒருவர் மிச்சமான ஒன்றை விற்கிறார் என்றால் அவரோடு சேர்ந்தே உள்ளே போங்கள். இதற்கு உடன்படாமல் 'நம்பிக்கை இல்லையோ தம்பி' என்று கோபிப்பவரோடு வாதாடத் தேவையில்லை, வேறு ஆளைப் பாருங்கள்.

பலாலியில் விமானமேறிச் சென்னைக்கு நிகழ்ச்சி பார்க்கப் போகிறவர்களுக்கு, கைமாறிய ரிக்கற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. 2023 செப்ரெம்பர் 10ஆம் திகதி சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் நிகழ்ச்சியில் அசல் ரிக்கற் வைத்திருந்தவர்களே நெரிசலால் உள்ளே போகமுடியாமல் திரும்பினார்கள். பிறகு, வாங்கியதற்கான நகலை மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்கப்பட்டது. இப்படியான வேளையில் வாங்கிய பதிவு யார் பெயரில் இருக்கிறதோ, காசு கேட்கும் உரித்தும் அவருடையது. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி முற்றவெளியில் ஹரிஹரன் பாடிய நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளைத் தாண்டிப் புகுந்ததும் நினைவிருக்கும். பற்றுச்சீட்டையும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலையும் நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதமாவது அழிக்காதீர்கள்.

விற்கிறவரும் ஏமாறலாம். வாங்குகிறவர் அனுப்பும் 'காசு போட்டாச்சு' ஸ்கிரீன்ஷொட்டையோ குறுஞ்செய்தியையோ நம்பாமல், உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து மீதியைப் பார்த்த பிறகே ரிக்கற்றை அனுப்புங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதல் வேலை வங்கிக்குப் போன். எல்லா வங்கிக்கும் 24 மணிநேர இலக்கம் உண்டு. பரிமாற்ற இலக்கத்தைச் சொல்லி, பெற்ற கணக்கை முடக்க மற்ற வங்கிக்கு அறிவிக்கக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். அட்டை விபரம் கொடுத்திருந்தால் அட்டையை உடனே நிறுத்துங்கள்.

இரண்டாவது ஆதாரம். ஆத்திரத்தில் ஏசி, அவன் உங்களை புளொக் பண்ண விடாதீர்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும். பக்கத்தின் பெயர் மட்டும் போதாது, பெயர் நாளைக்கே மாறும். புரொஃபைலின் முழு லிங்க், வட்ஸ்அப் இலக்கம், உரையாடலை ஏற்றுமதி செய்த கோப்பு, திகதி தெரியும் ஸ்கிரீன்ஷொட், வங்கிச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

அவற்றோடு கிட்டிய பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு பதிந்து பிரதி கேளுங்கள். தொகை சின்னது என்று விடவேண்டாம். வாடகைக் கணக்கு என்றாலும் அது ஒரு அடையாள அட்டையில் திறந்த கணக்கு, அதே கணக்கைப் பற்றி வேறு ஊரில் இருந்தும் முறைப்பாடு வந்திருக்கலாம். போலித் தளம், போலிப் பக்கம் பற்றி, இலங்கையின் இணையப் பாதுகாப்பு அமைப்பான எஸ்எல்சேர்ட்டுக்கு 101இல் அறிவிக்கலாம். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 1935. ஏற்பாட்டாளர் உண்மையானவர், நிகழ்ச்சி இரத்து, ஆனால் காசு தரமாட்டேன் என்கிறார் என்றால் அது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் விடயம், 1977.

ஏமாந்ததைப் பொதுவில் எழுதிய இரண்டொரு நாளில் இன்னொருவர் வருவார்: 'ஹக்கர் ஒராள் தெரியும், உங்கட காசை எடுத்துத் தருவார், 5,000 மட்டும் முதல்ல போடுங்கோ.' பெரும்பாலும் அதே கூட்டம்தான், இரண்டாவது முறை வருகிறது.