துளைக்குள் தங்கிவிடும் கரைப்பான்

படிகம் அழகாக வந்திருக்கும், எக்ஸ்-கதிர் வரைபடமும் சரியாக இருக்கும். ஆனால் பரப்பளவை அளக்கச் செலுத்தும் நைட்ரஜன் துளைக்குள் போகவே போகாது. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டும் நுண்துளைச் சட்டகங்களில் (எம்ஓஎஃப்) ஒன்று, தாமிரம் கொண்ட எச்கஸ்ட்-1 (HKUST-1). அதில் என் முதல் மாதிரி அப்படித்தான் இருந்தது. படிகம் வளர்ந்த கரைப்பானான டிஎம்எஃபிலிருந்து (டைமெத்தில்ஃபார்மமைடு) வடிகட்டி, நேராக வெற்றிட அடுப்பில் வைத்துவிட்டேன். டிஎம்எஃபின் கொதிநிலை 153 டிகிரி. போதாததற்கு அது தாமிர அயனியையே பற்றிக்கொண்டிருந்தது. எதிர்பார்த்த பரப்பளவில் பாதிகூடத் தேறவில்லை.

அதனால் சூடாக்கும் முன் கரைப்பானை மாற்றுங்கள். மேலே தெளிந்த டிஎம்எஃபை வடித்துவிட்டு, உலர்ந்த மெத்தனாலில் படிகங்களை மூழ்க வையுங்கள். ஒருமுறை மாற்றினால் போதாது. துளைக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் சமநிலைக்கு வந்ததும் பரிமாற்றம் நின்றுவிடும். நாளுக்கு இரண்டு முறை, மூன்று நாள் புது மெத்தனால் ஊற்றுகிறேன். பிறகு வெப்ப எடையிழப்பு வரைபடம் எடுங்கள். 200 டிகிரியை ஒட்டி எடை இறங்கும் இன்னொரு படி தெரிந்தால், டிஎம்எஃப் இன்னும் மிச்சம்.

அடுத்து, வெற்றிடத்தில் 150 டிகிரி, ஓர் இரவு. வெளிர்நீலப் பொடி அடர் ஊதாநீலமாக மாறும். தாமிரத்தின் மேலிருந்த மூலக்கூறு விலகியதற்கு அதுவே சாட்சி. அந்த நிறம் வராமல் நைட்ரஜன் அளவீட்டுக் கருவியில் ஏற்றாதீர்கள். காற்று பட்டால் மறுபடி வெளுத்துவிடும்.

அகலத் துளையும் மெல்லிய சுவரும் கொண்ட சட்டகங்களுக்கு இந்த வழி ஆபத்து. ஆவியாகும் திரவத்தின் பரப்பு இழுவிசை சுவர்களை உள்நோக்கி இழுத்து நொறுக்கும். தண்ணீருக்கு அது சுமார் 72 மில்லிநியூட்டன்/மீட்டர், ஹெக்சேனுக்கு 18 மட்டுமே. ஹெக்சேனும் காப்பாற்றாவிட்டால் மீயுய்ய (supercritical) கார்பன் டை ஆக்சைடுதான் வழி: 31 டிகிரிக்கும் 73.8 பாருக்கும் மேலே திரவம், வாயு என்ற எல்லையே இல்லை, இழுக்க ஒன்றும் இருக்காது.

படிகம் வளர்க்கும்போதும் கரைப்பானைக் கவனியுங்கள். டிஎம்எஃபில் ஈரம் ஏறியிருந்தால், அதே துத்தநாக நைட்ரேட்டும் டெரிஃப்தாலிக் அமிலமும் கனசதுர எம்ஓஎஃப்-5 ஆகாமல், தட்டடுக்கான வேறு சட்டகமாகிவிடலாம். உருவான பிறகும் ஈரம் அதைச் சிதைக்கும். 1999-இல் கிராமுக்கு சுமார் 2,900 சதுர மீட்டர் பரப்பளவு என்று வந்த அதே எம்ஓஎஃப்-5, காற்று படாமல் கையாண்டபோது 2007-இல் 3,800-ஐ எட்டியது.

இன்னொன்று: கரைப்பான் போன பிறகு, மூடிய குழாயோடு மறுபடி எடை போடுங்கள். பழைய எடையை வைத்துக் கணக்கிட்டால், நல்ல மாதிரியும் மோசமாகவே தெரியும்.