டொமைன் வாங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

'கொழும்பு', 'நகை', 'மலிவு' என்று தேடல் சொற்களை டொமைனுக்குள், அதாவது இணையத்தள முகவரிப் பெயருக்குள், அடைத்தால் கூகுளில் முதலில் வரலாம் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். பெயரை மட்டும் நம்பியிருந்த தரங்குறைந்த தளங்களைக் கூகுள் 2012 செப்டெம்பரிலேயே கீழே தள்ளிவிட்டது. செய்யும் தொழிலைச் சொல்லும் ஒரு சொல் இயல்பாகப் பொருந்தினால் இருக்கட்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் பெரிய தலைவலி எழுத்துக்கூட்டல். வெள்ளவத்தையை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'ஈ' போடுவோரும் உண்டு, 'ஏ' போடுவோரும் உண்டு. வசந்தியில் 'டி'க்குப் பின் 'எச்' வருமா என்பதிலும் இதே குழப்பம். பெயரைத் தொலைபேசியில் ஒரே தடவை சொல்லி, கேட்பவரை எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கொரு விதமாக எழுதினால் வேறு பெயர் தேடுங்கள். கடைப்பெயரை மாற்ற முடியாதென்றால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கி, ஒன்றை மற்றதற்கு 301 மூலம் (வருபவரை வேறு முகவரிக்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) திருப்புங்கள். இடைக்கோடு ஒன்று பரவாயில்லை, இரண்டானால் தட்டச்சு செய்பவர் விட்டுவிடுவார். அடிக்கோட்டுக்கு இடமே இல்லை.

வாடிக்கையாளர் இலங்கையில் மட்டும் என்றால் பெயரின் முடிவாக டொட் எல்கே (.lk) நல்லது. தளம் இந்த நாட்டுக்கானது என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சேலை அனுப்பும் கடைக்கு டொட் கொம்தான் வசதி. டொட் ஷொப் போன்றவற்றால் தேடலில் தனிச் சலுகை கிடைக்காது. தமிழ் எழுத்திலேயே அமையும் டொட் இலங்கை முகவரியைச் சில இடங்களில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக்கோவையாகத் தெரியும் என்பதால், அதை இரண்டாவது பெயராக வைத்திருங்கள்.

பணம் கட்டுமுன் அந்தப் பெயரின் பழைய கதையையும் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் பெயரைப் போட்டால், முன்பு அங்கே சூதாட்டமோ போலி மருந்தோ நடந்ததா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வாங்கியபின், டிஎன்எஸ்ஸில் (பெயரைத் தளத்துடன் இணைக்கும் அமைப்பு) டெக்ஸ்ட் பதிவு எனும் சிறு எழுத்து வரியைச் சேர்த்து, கூகுளின் கருவியான சேர்ச் கொன்சோலில் உரிமையை உறுதிசெய்து, கூகுள் விதித்த பழைய தண்டனை ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். தளம் செய்து தந்தவரின் கணக்கில் விட்டால், புதுப்பிக்கும் நாளில் அவரைத் தேடி அலைய நேரிடும்.

பின்னர் பெயரை மாற்றினால், ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்குரிய புதிய பக்கத்துக்கே 301 செய்து, குறைந்தது ஒரு வருடம் அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால், இல்லாத பக்கங்கள் என்றே கூகுள் கணக்கெடுக்கக்கூடும்.