வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோ பாடம் ஓடவிட்டுப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மறுநாள் கேட்டால் ஒரு வரி வராது. புரிவது வேறு, நினைவிலிருந்து எடுப்பது வேறு.

காலையில் 25 நிமிடம், ஒரே தலைப்பு. போன் அடுத்த அறையில். படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவுக்கு வருவதை வெற்றுத் தாளில் எழுதுங்கள். விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேருங்கள். அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் கேள்வியாக்கி அட்டையில் எழுதுங்கள், விடை பின்பக்கம். நாளுக்கு 5 அட்டை போதும். 20 போட்டால் இரண்டாவது வாரமே கட்டு பெருத்து, தொடவே மனம் வராது.

அட்டையை மறுநாள், 3, 7, 21ஆம் நாட்களில் எடுங்கள். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே முடித்துவிடலாம். திருப்புமுன் விடையை மனசுக்குள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் வாசிப்பு. தவறினால் அந்த அட்டை மறுபடி முதல் நாளுக்குப் போகும். இடைவெளி விட்டுப் படிப்பதன் பலனை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்மீதே சோதித்து 1885-லேயே எழுதிவிட்டார்.

எக்செல், பைத்தான் போன்றவற்றுக்கு அட்டை அவ்வளவாக உதவாது. அன்று கற்ற சூத்திரத்தை அன்றைக்கே அலுவலக ஃபைலின் நகலில் போட்டுப் பாருங்கள். நகலில்தான், அசலில் கைவைக்காதீர்கள்.

வீட்டில் இரைச்சலா? ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போங்கள். சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது.