ஆபீஸ் கூப்பிட்டா ரூம் தேடுறதுக்கு முன்னாடி டிக்கெட்டைப் பாருங்க

மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கம் வீட்லேர்ந்தே வேலை பாக்குறவங்களுக்கு இப்ப மாசத்துல சில நாள் ஆபீஸ் வரணும்னு மெயில் வந்திருந்தா, அவசரப்பட்டு சென்னைல ரூமுக்கு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, எந்தெந்த தேதின்னு மேனேஜர்கிட்ட ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க. ஏன்னா ரயில் முன்பதிவு இப்ப 60 நாள் முன்னாடிதான், காலைல 8 மணிக்கு ஓப்பன் ஆகும் (2024 அக்டோபர் வரைக்கும் 120 நாள் இருந்துச்சு). மன்னை, உழவன் எக்ஸ்பிரஸ் ரெண்டுமே ராத்திரி வண்டி, படுத்து எழுந்தா சென்னை. ஞாயித்துக்கிழமை டிக்கெட் சட்டுன்னு போயிடும், அதனால முடிஞ்சா புதன், வியாழன்னு கேட்டுப் பாருங்க. தட்கல்னா முந்தின நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. வீட்ல இருக்குற நாளுக்கு மோடத்துக்கு ஒரு குட்டி யூபிஎஸ் வாங்கி வச்சிக்கோங்க, மாசாந்திர பவர்கட் அன்னைக்கு ரொம்ப உதவும்.