கூமுட்டைக்கும் கணக்கு உண்டு: அடைக்கோழி நோட்டு போடுவது எப்படி?

"பன்னிரண்டு வச்சோம், எட்டு பொரிச்சுது, மிச்சம் கூமுட்டை." நாட்டுக்கோழி வளர்க்கிற பல வீடுகளில் பொரிப்புக் கணக்கு இந்த ஒரு வரியோடு முடிந்துபோகும். ஆனால் அந்த மிச்சத்துக்குள் மூன்று நான்கு தனித்தனிக் கோளாறு ஒளிந்திருக்கும். சேவல் சரியில்லையா, முட்டை பழசா, கோழி அடையை விட்டு எழுந்து போனதா? நோட்டு இருந்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், ஒரு டார்ச். செல்போன் வெளிச்சமே போதும்.

1. கோழிக்குப் பெயர் வையுங்கள்

கீரி, கருப்பி, மொட்டைக்கழுத்து என்று எது வாயில் வருகிறதோ அது. ஒரே நிறத்தில் இரண்டு இருந்தால் காலில் வேறு வேறு நிற வளையம் மாட்டிவிடுங்கள். கோழி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பில், எந்தச் சேவலோடு இப்போது மேய்கிறது என்று எழுதுங்கள். புதுச் சேவல் விட்டால் அந்தத் தேதியையும் எழுதவேண்டும். பழைய சேவலின் விந்து கோழி வயிற்றில் இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். அதனால் சேவல் மாற்றி மூன்று வாரம் கழித்து இட்ட முட்டையைத்தான் புதுச் சேவலின் கணக்கில் சேர்க்கலாம்.

2. முட்டையிலேயே எழுதுங்கள்

எடுத்த கையோடு, பென்சிலால், தேதியும் கோழிப் பெயரின் முதல் எழுத்தும். "க 3/1" போதும். பேனா வேண்டாம், ஓட்டில் நுண்துளைகள் உண்டு, மை உள்ளே இறங்கும். அரிசியிலோ தவிட்டிலோ கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டையை ஆம்லெட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

3. அடை வைத்த நாள்

இருட்டிய பிறகு வைத்தால் கோழி அலையாமல் படுக்கும். கூடையில் மணலோ வைக்கோலோ போட்டு, உடம்புக்குள் அடங்குகிற அளவுக்கு 10 முதல் 12 முட்டை. (இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்பும் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதற்கு நோட்டில் கட்டம் கிடையாது.)

கோழி முட்டைக்கு 21 நாள், அதாவது சரியாக மூன்று வாரம். எனவே நாள்காட்டியைப் பார்த்து எண்ணவே வேண்டாம். வெள்ளிக்கிழமை வைத்தால் வெள்ளிக்கிழமை பொரிக்கும். வைத்த பிறகு வருகிற முதல் வெள்ளிதான் வெளிச்சம் பார்க்கும் நாள்.

இன்குபேட்டரில் வைப்பவர்கள் தினமும் காலை, மாலை வெப்பத்தைக் குறித்து வையுங்கள், 37.5 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். 18-ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்த வேண்டும்.

வயலில் கிடைத்த மயில் முட்டையை இப்படி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. கூட்டைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

4. ஏழாம் நாள் வெளிச்சம்

இதுதான் முக்கியமான வேலை. இருட்டறையில், அட்டையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை போட்டு, பின்னால் டார்ச்சைப் பிடித்து, முட்டையின் அகன்ற முனையை ஓட்டையில் வையுங்கள். சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. ஒன்றுமில்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் கரு கூடவில்லை. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு உண்டாகி இறந்துவிட்டது. கடைசி இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், அடையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

5. பொரித்த பிறகு மிச்சத்தை உடையுங்கள்

நாற்றம்தான். தோட்டத்து மூலையில் வைத்து உடையுங்கள். முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள் செத்த குஞ்சா, பாதியில் நின்றதா, வெறும் அழுகலா என்று எழுதுங்கள். கருப்பியின் பக்கம் இப்படி இருக்கும்:

கருப்பி / மயில் சேவல் (நிறம்தான் மயில்!)
வைத்தது 3.1.2025, வெள்ளி: 12
10.1: கரு கூடாதது 2, வளையம் 1, மிச்சம் 9
24.1: பொரித்தது 8, ஓட்டுக்குள் செத்தது 1

கரு கூடியது 12-க்கு 10. இது சேவலின் மதிப்பெண். கரு கூடிய 10-ல் பொரித்தது 8. இது அடையின் மதிப்பெண், அதாவது முட்டை வைத்திருந்த விதம், கோழி படுத்த ஒழுங்கு இரண்டும் சேர்ந்தது. இரண்டையும் கலந்து "12-க்கு 8" என்று எழுதினால் பழைய கூமுட்டைக் கதைதான்.

கீரிக்கு ஒருமுறை 11-ல் 6 கரு கூடவில்லை. கோழி கிழடாகிவிட்டது, விற்றுவிடலாம் என்றே முடிவு செய்தேன். நோட்டைப் புரட்டினால் அதே மாதம் வைத்த வேறு இரண்டு கோழிக்கும் அதே கதி. மூன்றுக்கும் ஒரே சேவல். பிடித்துக் கவிழ்த்துப் பார்த்தேன், உள்ளங்காலில் ஆணிப்புண் கட்டி வீங்கியிருந்தது. அதனால் பெட்டை மேல் ஏறி நிற்க முடியவில்லை. கீரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

6. குஞ்சுகளின் பக்கம்

பொரித்த தேதிக்குக் கீழே ஏழாம் நாளையும் எழுதிவிடுங்கள், அன்றைக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க லசோட்டா தடுப்புச் சொட்டு மருந்து. காலில் வளையம் போட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தளர்த்தவேண்டும், இல்லாவிட்டால் சதைக்குள் இறங்கிவிடும்.

கடைசிப் பக்கம் விற்ற குஞ்சுகளுக்கு: யாருக்கு, எந்தத் தாய், எந்தச் சேவல். கருப்பியின் பெட்டைக்குஞ்சு வாங்கியவர் ஆறு மாதம் கழித்து அதற்கு ஒரு சேவல் கேட்டு வருவார். அப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கருப்பிக்கோ மயில் சேவலுக்கோ பிறக்காத ஒன்றைப் பிடித்துக் கொடுங்கள்.