'அப்சென்ட்' எங்கே எழுதலாம், எங்கே கூடாது

வகுப்பில் டீச்சர் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். பதில் வரவில்லை என்றால் அந்தப் பிள்ளை அப்சென்ட். வந்திருக்க வேண்டிய இடத்துக்கு ஆள் வரவில்லை என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். அதனால் சாமான் வாங்க வெள்ளவத்தைச் சந்தைக்குப் போன அப்பாவை யாராவது கேட்டு வந்தால் 'ஹீ இஸ் அப்சென்ட்' என்பது பொருந்தாது. 'ஹீ இஸ் அவுட்' போதும். மட்டக்களப்புக்குப் போய் நாலு நாள் கழித்து வருவாரென்றால் 'ஹீ இஸ் அவே'.

வேலையிடத்தில் இன்னும் கவனம் வேண்டும். இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, ஓரிரு வருடம் வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கெசுவல் லீவும் உண்டு. அதில் ஒரு நாளை அனுமதியோடு எடுத்தவர் 'ஒன் லீவ்', அதாவது லீவில் இருக்கிறார். அவரை அப்சென்ட் என்று எழுதினால், சொல்லாமல் நின்றுவிட்டார் என்ற வாடை அடிக்கும். நாம் லீவு 'போடுகிறோம்', ஆனால் 'ஐ புட் லீவ்' ஆங்கிலம் அல்ல: 'ஐ டூக் லீவ்', விண்ணப்பித்தால் 'ஐ அப்ளைட் ஃபோர் லீவ்'.

பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்துக்கு இரண்டு வரி போதும்:

'மை சன் வாஸ் அப்சென்ட் ஃப்ரொம் ஸ்கூல் ஒன் மன்டே அன்ட் டியூஸ்டே பிகோஸ் ஹீ ஹேட் அ ஃபீவர். ப்ளீஸ் எக்ஸ்கியூஸ் ஹிஸ் அப்சன்ஸ்.'

இதில் முதலில் பிழைப்பது 'ஃப்ரொம்'. 'பள்ளிக்கு வரவில்லை' என்ற நம் 'கு' உருபு உள்ளே நின்று 'அப்சென்ட் டு ஸ்கூல்' என எழுத வைக்கிறது. அடுத்தது 'வாஸ் அப்சென்டட்'. இங்கே அப்சென்ட் வினை அல்ல, பெயரடை. 'வாஸ் சிக்' போலத்தான், 'எட்' ஒட்டாது. மூன்றாவது, கடைசிச் சொல். வராமையைக் குறிக்கும் அப்சன்ஸ் 'சீ, ஈ' என்ற எழுத்துகளில் முடியும். காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் அப்சென்டுக்குப் பின் 'எஸ்' போட்டுவிடுகிறார்கள். எழுத்துத் திருத்தி இதைப் பிடிக்காது, ஏனென்றால் அதுவும் சரியான சொல்தான்.

அப்சென்ட் வினையாக வரும்போது உச்சரிப்பும் மாறும். பெயரடையில் அழுத்தம் முதலசையில், வினையில் இரண்டாம் அசையில். கூடவே 'ஹிம்செல்ஃப்', 'ஹெர்செல்ஃப்' போன்ற சொல் ஒன்று வந்தாக வேண்டும்: 'ஹீ அப்சென்டட் ஹிம்செல்ஃப் ஃப்ரொம் த மீட்டிங்', அதாவது வேண்டுமென்றே வராமல் இருந்தார். விளக்கம் கேட்கும் கடிதங்களுக்கு இது ஏற்றது. காய்ச்சலில் படுத்தவரைப் பற்றி எழுதினால் குற்றச்சாட்டாகிவிடும்.

பொருள்களுக்கும் இழுக்க வேண்டாம். வீட்டில் அரிசி இல்லை என்பதற்கு 'ரைஸ் இஸ் அப்சென்ட்' சிரிப்புக்கிடம். 'தேர் இஸ் நோ ரைஸ்' என்றாலே கடைக்கு ஆள் போகும்.

லீவில் போகும்போது ஈமெயிலில் வைக்கும் தானியங்கிப் பதிலுக்கு 'அவே' நல்லது. ஆனால் 'அவே டில் மன்டே' என்றால் திங்கட்கிழமை இருப்பீர்களா இல்லையா என்று படிப்பவர் குழம்புவார். 'ஐ வில் பி பேக் ஒன் மன்டே' என்று எழுதி, பக்கத்தில் திகதியையும் போடுங்கள்.